விறகு என்று எழுதிய சீட்டு

ஓட்டமாவடிப் பாலத்துக்கு இங்கால
எங்கள் மரமில்லின் கணக்குக் கொப்பியில்
நீளத்துக்கு ஒரு நிரல்,
சுற்றளவுக்கு ஒன்று, கன அடிக்கு ஒன்று.
கவட்டுக்கு இல்லை.

நேராக வளர்ந்ததற்குத்தான் சூத்திரம்:
சுற்றளவை நாலால் பிரி,
வந்ததை வந்ததாலேயே பெருக்கு,
பிறகு நீளத்தால்.
மரம் இரண்டாகப் பிரிகிற இடம் வந்தால்
நாடாவை மடக்கு.
அதற்கு மேலே விறகு.
பதினொரு வருசமாக மடக்கியிருக்கிறேன்.

கிரானிலிருந்து லேண்ட்மாஸ்டரில் வந்தது வாகை.
மின்கம்பியில் உரசுது என்று
சபைக்காரர் தறித்துப் போட்டதாம்.
நேர்த்துண்டுகளை வழியிலேயே ஆரோ வாங்கிவிட்டார்கள்.
மிச்சம் கிடந்தது
கால் இரண்டையும் அகட்டி
வானம் பார்த்த ஒரு கவடு.
"என்னத்தையாச்சும் தாங்க புள்ள,
இறக்குகூலியாவது வரட்டும்"
என்றார் தெய்வநாயகம்.
ஆயிரத்து எண்ணூறு.
கார்பன் தாள் வைத்து எழுதினேன்:
விறகு. துண்டு ஒன்று.

அவர் போனதும் உதுமாலெவ்வை
அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.
குந்தினார். எழும்பினார்.
கவட்டு இடுக்கில் ஈர்க்கு விட்டுப் பார்த்தார்,
பட்டை உள்ளே புதைந்திருக்கிறதா என்று.
புதைந்திருந்தால் பலகை பிளந்துபோகும்.
இல்லையென்றால் என்ன என்று
அவர் சொல்லவில்லை.
இரண்டு கிளையின் நெஞ்சும்
அடிமரத்தின் நெஞ்சும் ஒரே கோட்டில் வர
ஆப்பு வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார்.
ஒரு விரற்கடை தப்பினாலும்
வெறும் பலகைதான்.

வாள் ஓடும்போது ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காது.
அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
முதல் பலகையைப் புரட்டியதும்
வெற்றிலை மெல்லுவது நின்றது.

வாவியில் இரண்டு தோணி
பக்கம் பக்கமாகப் போனால்
நடுவில் அலையும் அலையும் முட்டி
ஒன்றின்மேல் ஒன்று ஏறுமே,
அந்த நெரிசல்
அப்படியே நின்றிருந்தது மரத்தில்.
இரண்டு கிளையும்
பிரியவும் முடியாமல் சேரவும் முடியாமல்
முப்பது நாற்பது மழைக்காலம்
தள்ளிய தள்ளு.

வெட்டுமுகங்களில் மிஞ்சிய பெயின்ற் பூசி
நிழலில் அடுக்கினோம்.
பாசிக்குடா ஹோட்டல்காரர் வந்தார்,
வரவேற்பு மேசைக்கு என்றார்,
நனைத்துப் பார்த்தார், படம் பிடித்தார்.
காய ஒரு வருசம் செல்லும் என்றோம்.
பொறுப்பம் என்று முற்பணம் வைத்தார்.
ஒரு பலகை எண்பத்தையாயிரம்.
கன அடி கேட்கவில்லை.

கோழிக்கூட்டுக்கு மரத்தூள் கேட்டு
மூன்றாம் கிழமை தெய்வநாயகம் வந்தார்.
பலகையின் முன் நின்றார்.
"இது என்ன மரம்?"
வாகை என்றேன்.
"எந்த வாகை?"
மேசையில் இருந்த பேனையை
மூடினேன், திறந்தேன்.

முதலாளி இடையில் புகுந்தார்:
ஆரையம்பதிப் புளியில் ஒரு முண்டு,
மனிசத் தலையைவிடப் பெரிசு,
நாற்பதினாயிரம் கொடுத்து வாங்கித் திறந்தால்
உள்ளே முழுக்கக் கறையான் மண்;
அந்தக் காசை ஆர் திருப்பித் தந்தது?
திறக்கிறவனுடையதுதானே நட்டமும்?
அதுவும் உண்மைதான்.
அந்த முண்டின் மிச்சத்தில்
இருந்துதான் நான் தேத்தண்ணி குடிக்கிறேன்.

தெய்வநாயகம் சண்டைக்கு வரவில்லை.
பலகையில் அலை முட்டுகிற இடத்தை
நடுவிரலால் ஒருதரம் தொட்டார்.
"அப்ப நான் வித்தது என்னத்தை?"
ஆரிடமும் கேட்டமாதிரி இல்லை.

சாக்கை நிரப்பிக் கட்டினார்.
தூளுக்குக் காசு வேண்டாம் என்றேன்.
நூறு ரூபாய்த் தாளை நீவி
கொப்பியின் மேல் வைத்தார்.
"சீட்டு எழுதுங்க.
மரத்தூள் எண்டு
வடிவா எழுதுங்க."

எழுதினேன்.
பழைய கார்பன் தாள்.
வெளிச்சத்தில் பிடித்தால்
அதில் இன்னும் வாசிக்கலாம்
என் கையெழுத்தில்
விறகு.